மாடி அறைக்காரருக்கும் என் விசாரிப்பு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, அந்தச் சிரிப்பை ஒரு படம் எடுத்து அனுப்பு. உங்கள் மாடி அறைக்காரருக்கு இருமல் குறைந்ததா? நான் அனுப்பிய கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறாரா, இல்லை ஆம்பளைகளுக்கே உரிய வீம்பில் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாரா? முகம் தெரியாத மனுஷர்தான். ஆனாலும் கடிதத்துக்குக் கடிதம் விசாரித்து விசாரித்து எனக்கு அவர் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

இங்கே சங்க வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. செயலாளர் என்று எனக்கு ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மார்ச்சில் இலவசக் கண் முகாம். சக்கர நாற்காலி இரவல் கொடுப்பது எப்போதும்போல நடக்கிறது. ஒரு வீட்டில் போய்ப் பார்த்தால் நோயாளி கட்டிலில் படுத்திருக்கிறார், நாற்காலியில் ஈரப் போர்வை காய்கிறது. நான் பார்த்த பார்வையில் போர்வை தானாகவே இறங்கிக்கொண்டது.

புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். சங்க அறையின் வெளிச்சுவரில் வரிசையாகக் கொக்கி அடித்து, மேலே எழுதி வைத்திருக்கிறோம்: "வேண்டாததை மாட்டுங்கள். வேண்டியதை எடுங்கள். மாட்டியவர் யார், எடுத்தவர் யார் என்று யாரும் கேட்கக் கூடாது." கடைசி வரி நான் சேர்த்தது. நம் தலைவர், அதுதான் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஒத்துக்கொள்ளவில்லை. "யாருன்னு தெரிஞ்சா ஒரு நன்றியாவது சொல்லலாமேம்மா" என்றார். "நன்றி சொல்ல ஒரு ஆள் நிக்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க" என்றேன். இப்போது சுவர் நிறைகிறது, காலியாகிறது, மறுபடி நிறைகிறது. கிழிசல் இருந்தால் என் தையல் கடைக்கு எடுத்துப் போய்த் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டுகிறேன். உங்கள் பக்கத்திலும் பழைய துணி சேர்த்து ஒரு பெட்டி அனுப்பு.

பெரிய சேதி இது. ஜூலையில் மீட்புப் படகு தண்ணீரில் இறங்குகிறது. அதற்கு உன் அத்தான் பெயரைத்தான் வைக்கிறார்கள். விழா மலருக்கு நான் எழுதியிருப்பதைப் பார்த்துத் திருத்து: "ஏழு வருடங்களுக்கு முன் துறையில் படகு கவிழ்ந்தபோது, அதை ஓட்டியவர் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, மற்றவர்களுக்காகத் திரும்ப நீந்திப் போனார். பயணிகள் மூவர் இறந்தார்கள். அவர் உடல் கிடைக்கவே இல்லை. இனி இப்படி நடக்கக் கூடாது என்று அந்த வாரம் கூடியவர்கள்தான் நம் சங்கம்." இதில் "என் கணவர்" என்று எங்கே போடுவது? எங்கே போட்டாலும் பீற்றிக்கொள்வது போல இருக்கிறது.

எல்லோருக்கும் என் அன்பு. மாடி அறைக்காரருக்கும் என் விசாரிப்பு.

உன் அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் ஓடிவிட்டு உனக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை என்று படுத்துவிடாதே.

குளிர்பதனக் கிடங்கில் எனக்கு இப்போது பகல் வேலை. உள்ளே பனி, வெளியே வெயில் என்று மாறி மாறி நின்று மூக்கு ஒழுகுகிறது, வேறு ஒன்றுமில்லை. நீ துணி கேட்டாய் என்றதும் உன் தம்பி பெண்டாட்டிக்குச் சாமி வந்துவிட்டது. மாடியிலிருந்து கீழ்வரை ஒரு அலமாரி விடாமல் அலசுகிறாள். நான் கழற்றிப் போட்ட சட்டையைத் திரும்பப் பார்ப்பேனா என்பது சந்தேகம். பெட்டியை இந்த வாரமே அனுப்பிவிடுவாள்.

மாடி அறைக்காரரைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நெஞ்சில் சளி என்கிறார்கள். உன் கம்பளித் துண்டு அவர் கழுத்தை விட்டு இறங்குவதில்லை.

மலருக்கு எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் படகுக்குப் பெயர் வேண்டுமா, அக்கா? "மீட்புப் படகு" என்று மட்டும் இருந்தால் போதாதா? அத்தானுக்கு இந்த மாதிரி ஆர்ப்பாட்டம் பிடிக்காது. பிடித்திருக்காது என்று சொல்ல வந்தேன்.

பின்கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டால்தான் விழுமே, அதை ஆள் வைத்துச் சரிசெய்தாயா? தனியாக இருக்கிறாய், அசட்டையாக இருக்காதே.

உன் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? பெட்டி போன வாரம் வந்து சேர்ந்தது, உன் வீட்டுக்காரியின் கைக்கு வளையல் போடவேண்டும். நான் கண் முகாமில் மாட்டிக்கொண்டிருந்ததால் கடிகாரக்காரரே பிரித்து மாட்டிவிட்டார். முகாமுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் இத்தனை நாள் தடவிக்கொண்டுதான் நடந்திருக்கிறார்கள் போல.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் முகாம் கணக்கு வழக்கை முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் வந்தேன். காற்றில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. கடைசிக் கொக்கியில் ஒரு நீலச் சட்டை, தோள் இரண்டும் விரிந்து, ஒரு ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பது போல இருந்தது. எனக்கு அந்த முதுகு தெரியும், தம்பி. கிட்டப் போய்க் காலரைப் பிரித்தேன். உள்ளே விறைப்புக்கு மஞ்சள் திரைச்சீலைத் துணி. அந்த வருடம் கடையில் விறைப்புத் துணி தீர்ந்துபோய், வீட்டுத் திரைச்சீலையை வெட்டி அவர் சட்டைக்கு மட்டும் வைத்தேன். வேறு யாருக்கும் அப்படித் தைத்ததில்லை. பொத்தான் காஜா என்னுடையது. என் கையெழுத்தைவிட என் காஜாவை எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்குக் காலையில் அவர் துறைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை அது. அவரோடு தண்ணீருக்குள் போன சட்டை.

அது எப்படி ஒரு கொக்கிக்கு வரும்?

இன்னொன்று. முழங்கையில் கிழிசலை யாரோ நூலால் பின்னி அடைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. தையல் எதிர்ப்பக்கம் சாய்கிறது, இடக்கைக்காரி. சட்டையை ஆசையாக வைத்திருந்தவள் போலத்தான் தைத்திருக்கிறாள். ஏழு வருடமாகப் போனவருக்காக அழுதவள், நேற்று ஒரு மணி நேரம் எவளோ ஒருத்தியை நினைத்து வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே.

சட்டையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். நீ உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 18

தம்பி,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? மாடி அறைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாரா? கவலையாக இருக்கிறது.

நான் தையல் மெஷினைக் கடையிலிருந்து சங்க அறை வாசலுக்குத் தூக்கி வந்துவிட்டேன். காற்று வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து தைக்கிறேன். இந்த ஊரில் யாரோ ஒருவர் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார், அவர் மறுபடி வருவார் இல்லையா? வந்தால் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். அவர் இருக்கிறாரா, இல்லையா. எப்படி வந்தார், எவளோடு இருக்கிறார், அதெல்லாம் எனக்கு வேண்டாம். இருக்கிறாரா?

தெருவில் போகிற ஆம்பளைகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முதுகைத்தான் பார்க்கிறேன். மருந்துக்கடை வாசலில் நின்ற ஒருவரை இரண்டு தெரு தொடர்ந்து போய்விட்டேன். அவர் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்றார். "கண் முகாமுக்கு வந்தீங்களா?" என்று கேட்டுச் சமாளித்தேன். பாவம், நான் கேட்ட கேள்விக்காகக் கண்ணைக் கசக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

சங்கத்தில் இன்னும் சொல்லவில்லை. படகு செய்பவர் பலகை முழுவதும் ஏற்றிவிட்டார். பெயர் எழுதுபவர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். அவர் கோல் வைத்து அளக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனவர் பெயர் என்றுதான் இத்தனை நாள் பெருமையாக இருந்தது. இப்போது, அவர் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இங்கே பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோமா?

எழுது. ஒரு வரியாவது.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கிடங்கில் வேலை நெருக்கம். நாங்கள் எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீலத் துணி ஒரு கட்டு வந்தால் ஊரே எடுத்துத் தைக்கும். மஞ்சள் துணியும் அப்படித்தான். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்கிறாய். வாசலில் வெயிலில் உட்காராதே, கடைக்குள்ளேயே இரு.

சட்டையை வேறு யாருக்காவது காட்டினாயா? காட்டாதே. மாட்டியவரைக் கேட்கக் கூடாது என்று எழுதி வைத்தவள் நீதானே.

உன் தம்பி

மே 27

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இதுவரை வந்ததில்லை. மாடி அறைக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நான் கேட்டும்.

போன வாரம் எனக்குப் பெரிய அவமானம். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து ஒரு குளிர்ச் சட்டையை மாட்டினாள். என்னை அறியாமல் எழுந்து போய், "இது யாரோடது? உங்க வீட்டுக்காரரோடதா? அந்த நீலச் சட்டையும் நீங்க மாட்டினதா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் முகம் சுண்டிவிட்டது. மாட்டிய சட்டையை மறுபடி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "வேற எங்கயாவது குடுத்துக்கிறேன்க்கா" என்று போய்விட்டாள். அதற்கப்புறம் கொக்கிகள் காலியாகவே கிடக்கின்றன. மாட்டவும் ஆள் வரவில்லை, எடுக்கவும் வரவில்லை.

கூட்டத்தில் பிடித்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர், "செயலாளர் காவல் உட்கார்ந்தா யாரு வருவா?" என்றார். நியாயம்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் போனபின் கடிகாரக்காரர் மட்டும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா தேடுறீங்க? சொன்னா நானும் தேடுவேன்ல."

சொன்னேன். சட்டையைப் பற்றி மட்டும், யாருடையது என்று சொல்லாமல்.

"அந்த நீலச் சட்டையா? முழங்கை தைச்சது? அது உங்க தம்பி பெட்டியில வந்ததும்மா. நான்தானே பிரிச்சேன். அடியில இருந்துச்சு, தனியா ஒரு தாளில சுத்தி. நானே மாட்டினேன்."

உன் பெட்டியில், தம்பி.

பக்கத்து வீடுகளில் சேர்த்ததாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தானே? எந்த வீடு என்று உன் வீட்டுக்காரியைக் கேட்டு எழுது. நான் அங்கே வந்து நிற்கமாட்டேன். மெஷினைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டேன்.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது.

துணிகள் பல வீடுகளில் சேர்த்தவை. எது எந்த வீடு என்று அவளுக்கு நினைவில்லை. மாடி அறைக்காரரை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நான் அங்கேயிருந்துதான் எழுதுகிறேன்.

படகு இறக்கும் நாளில் நீ மேடையிலேயே இரு. படகில் ஏறாதே, துறைப் பலகையிலும் நிற்காதே. தண்ணீர்ப் பக்கம் போனால் உனக்குக் காது அடைத்துக்கொள்ளும், தடுமாறுவாய்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி

ஜூன் 21

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

தண்ணீர்ப் பக்கம் போனால் எனக்குக் காது அடைக்கும் என்பதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. படகோட்டியைக் கட்டிக்கொண்டவள் இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கிப் போடவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? நீ ஊரைவிட்டுப் போன பிறகு அவர் வைத்த கதவு அது. வேலை வேலை என்று அப்புறம் நீ இந்த வீட்டுக்கு வரவும் இல்லை, அதைப் பார்த்ததும் இல்லை. போன வருடம் உன் வீட்டுக்காரி எனக்குத் தைத்து அனுப்பிய தலையணை உறையை எடுத்து, அந்த முழங்கைத் தையல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பக்கம் சாய்கிறது. நான் வயிறெரிந்தது என் தம்பி பெண்டாட்டியை நினைத்து. அவர் முகத்தை முன்பின் பார்க்காத அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புகிறேன். மாடி அறையில் குடியிருக்கிற, இருமுகிற ஒரு பாவப்பட்ட மனுஷருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஏழு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் என் புருஷனை நான் யாரோ போல விசாரித்திருக்கிறேன்.

அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அப்படியானால் என் கடிதங்களை நீதான் வாசித்துக் காட்டியிருக்கிறாய். இதையும் வாசி. ஆஸ்பத்திரியானாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக, ஒரு சொல் விடாமல் வாசி. இனி எழுதுவது உனக்கு இல்லை.

உங்களுக்குத்தான்.

இருக்கிறீர்கள். முதலில் அதைச் சொல்லிக்கொள்கிறேன். இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் கையில் கிடைத்த தட்டைத் தூக்கி எறிந்தேன். உங்களை என்ன செய்தால் தகும்?

அன்றைக்குப் படகில் ஏற்றக்கூடியதற்கு மேல் ஆள் ஏற்றினீர்கள். எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று ஊர் வாயை மூடிக்கொண்டது. அந்த மூன்று வீட்டுக்காரர்களின் முகத்தில் விழிக்க முடியாமல்தானே அந்தக் கரையில் ஏறி அப்படியே நடந்தீர்கள்? அந்த மூன்று வீட்டுக்கும் நான் போய் வந்தேன். உங்களுக்குப் பதிலாகப் போகிறேன் என்று தெரியாமலே போய் வந்தேன். முதல் வருடம் ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இப்போது அந்த வீட்டு அம்மாள்தான் கண் முகாமில் எனக்கு வலதுகை. மனுஷர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை. நீங்கள்தான் நின்று பார்க்கவில்லை.

நீங்கள் கரையேற்றிய அந்த இரண்டு பிள்ளைகளும் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். சங்கம் நடத்துகிற நீச்சல் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதுவும் உண்மைதான், ஓடிப்போனது மட்டும் உண்மை இல்லை.

நீங்கள் ஓடியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் போல இருக்கிறது. என் கடிதங்களைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தீர்களே, அதுதான் ஆறவில்லை. துணிக்கடைக்காரர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் அனுப்பியபோது, என்ன செய்யட்டும் என்று தம்பிக்கு எழுதினேன். "நல்ல மனிதர் என்றால் யோசி" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொன்னது யார்? நான் மாட்டேன் என்றதையும் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டீர்களா?

வாருங்கள். உடம்பு முடியவில்லை என்றால் தம்பி கூட்டி வரட்டும், இல்லை நான் வருகிறேன். படகுக்கு வைத்த பெயர் என்ன ஆகும், சங்கத்தில் என்னை வைத்திருப்பார்களா, ஊர் என்ன சொல்லும், எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். வாசலில் நின்று சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். மூன்று வீட்டுக்கும் இந்தத் தடவை சேர்ந்து போவோம்.

தம்பி, இங்கே வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார். எப்படி இருந்தது என்று எழுது.

அக்கா

ஜூலை 24

தம்பிக்கு,

நான் நலம். அவருக்கு எப்படி இருக்கிறது?

பதில் வரவில்லை. ரெண்டு பேரும் கிளம்பி வந்துகொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் அங்கே கிளம்பினால் வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்து இங்கேயே இருக்கிறேன்.

படகு இறங்கிவிட்டது. அதற்கு முன் கடிகாரக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "படகு மரத்துல மிதக்குதும்மா, பேருல மிதக்கல. பேரை அவர் வந்தப்புறம் பேசிக்கலாம்" என்றார். பெயர் எழுதுபவருக்குச் சொல்லி இடத்தை மட்டும் வெள்ளையடித்து விட்டுவைத்தோம். விழாவுக்கு வந்தவர்கள் காயாத பெயிண்ட் என்று நினைத்துத் தொடாமல் நின்றார்கள். நான் துறைப் பலகையில்தான் நின்றேன். காது அடைத்தது, அதனால் கைதட்டல் ஒன்றும் கேட்கவில்லை.

முன்னறையை ஒழித்துவிட்டேன். இருமலுக்கு ஜன்னல் பக்கம்தான் நல்லது என்று கட்டிலை அங்கே நகர்த்தினேன். நீலச் சட்டையின் காலரைப் பிரித்து வேறு விறைப்பு வைத்துத் தைத்திருக்கிறேன். இளைத்திருப்பார், தோளில் கொஞ்சம் பிடித்தும் தைத்தேன். அளவு தெரியாமல் குத்துமதிப்பாகத்தான்.

வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் குட்டியும் இருக்கிறோம். மாடி அறை காலியாக இருக்கிறது.

எழுத உட்கார்ந்து எத்தனை தாளைக் கிழித்தேன் என்று தெரியாது. அத்தான் வந்து என் வாசலில் நின்றபோது சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஒரு வாரத்தில் போய்விடுவேன் என்றார். அந்த ஒரு வாரம் ஏழு வருடமாகிவிட்டது. உன் கடிதம் வரும் நாளில் சவரம் செய்துகொள்வார். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். துணிக்கடைக்காரரைப் பற்றிய பதிலை அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. நீ மாட்டேன் என்று எழுதியதை வாசித்தபோது, திரும்ப ஒரு முறை வாசி என்றார்.

சட்டையை நீ கண்டுபிடித்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் வாசித்தேன். "அவ தையல அவ விடமாட்டா" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அடுத்த கடிதத்துல என்னைக் கண்டுபிடிச்சிடுவா பாரு" என்றார். அப்புறம் தினமும் நான் உள்ளே நுழைந்ததும் கேட்பது அதுதான்: "லெட்டர் வந்துச்சா?" அவருக்குப் பயமா ஆசையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அக்கா, நீ அவருக்கென்று எழுதிய கடிதம் வருவதற்கு முந்தின நாள் விடியும்போது அவர் போய்விட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரை வழியனுப்பிவிட்டு மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால், வாசற்படியில் உன் உறை கிடந்தது.

கையெழுத்தைப் பார்த்ததும் கால் தானாக மாடிக்குப் போனது. கதவைச் சாத்திக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் மனதுக்குள்தான் படித்தேன். சத்தமாக வாசி என்று நீ எழுதிய இடம் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீ திட்டியதைத் திட்டாகவே வாசித்தேன். தட்டை எறிந்ததை வாசித்தேன். வாருங்கள் என்பதை வாசித்தேன்.

கீழேயிருந்து உன் தம்பி பெண்டாட்டி, "மாடில யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், அக்கா.

உன் தம்பி